கல்குவாரியில் ஒரு கிரகம்!

''அத்தான், இன்னும் கொஞ்சம் லெஃப்ட். மேல இருக்கற லைட்டு தெரியணும்.''

லெஃப்டில் நகர்ந்தேன். சிவப்பு டபுள் டெக்கர் ஒன்று என் சட்டையை உரசாத குறையாகப் போயிற்று. லண்டன், ஏர்ல்ஸ் கோர்ட் பாதாள ரயில் நிலையத்துக்கு வெளியே, பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு நீலப் பெட்டியோடு என்னைச் சேர்த்துப் படம் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தவன் என் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. திருநெல்வேலியில் பிறந்து க்ராய்டனில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன்.

ஊரிலிருந்து கிளம்பும்போது நான் ஒரு லிஸ்ட் போட்டிருந்தேன். அரண்மனை, மெழுகு பொம்மை, டவர் பிரிட்ஜ். அவனும் ஒரு லிஸ்ட் போட்டிருந்தான். அதில் முதலிடம் இந்தப் பெட்டிக்கு. இரண்டாமிடம், கடலோரத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு.

''கல்குவாரி பார்க்கவா இவ்வளவு காசு போட்டு டிக்கெட் எடுத்தேன்? பல்லாவரத்தில் இல்லாத குவாரியாடா?''

''அது குவாரி இல்ல அத்தான். கிரகம்.''

இதற்குமேல் என்ன பேசுவது? போட்டோவுக்குச் சிரித்தேன். கிளிக் ஆகவில்லை. போனில் இடமில்லையாம். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று அது முரண்டு பிடிக்க, அவன் விரலை இழுத்து இழுத்து எதையோ அழித்தான்.

''என்னடா அழிக்கறே?''

''அம்மாவோட வாய்ஸ் மெசேஜ். தினம் ஒண்ணு வருது. எல்லாத்திலயும் ஒரே கேள்விதான், சாப்பிட்டியான்னு. முந்நூறு இருக்கும்.''

அத்தை பாவம் என்று தோன்றினாலும், நான் பி.காம். படித்தவன். பயன்பாடு முடிந்த சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளுவது நல்ல நிர்வாகம்தான். தலையாட்டினேன். கிளிக்!

*

அந்த நீலப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மூர் பெட்டிக்கடையைவிடச் சின்னது. நெற்றியில் 'போலீஸ்' என்று போர்டு, உச்சியில் ஒரு விளக்கு. வாக்கிடாக்கி வராத காலத்தில் லண்டன் வீதிகளில் இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. உள்ளே ஒரு டெலிபோன், ஒரு மேஜை. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் உச்சி விளக்கு மினுக்கும். ரோந்து போகிற கான்ஸ்டபிள் ஓடிவந்து போனை எடுப்பார். 1929-லிருந்து வைக்க ஆரம்பித்தார்கள். அறுபதுகளின் கடைசியில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். ஏர்ல்ஸ் கோர்ட்டில் நிற்பது 1996-ல் பழைய மாடலில் புதிதாகச் செய்துவைத்தது.

ஆனால் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்கிற யாரும் போலீஸ் மேல் உள்ள பாசத்தால் வருவதில்லை. 1963-ல் பி.பி.ஸி. டெலிவிஷன் 'டாக்டர் ஹூ' என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. அதில் டாக்டர் என்று ஒரு வேற்றுக்கிரகவாசி, காலத்திலும் வெளியிலும் எங்கே வேண்டுமானாலும் போகிறார். போகிற வாகனம் இந்தப் பெட்டி. பெயர் டார்டிஸ். வெளியே சின்னது, உள்ளே பெரிசு. (நம்மூர் ஃப்ளாட்டுக்கு நேர் எதிர்.) இறங்குகிற இடத்துக்குத் தகுந்த மாதிரி அது உருவம் மாறிக்கொள்ள வேண்டும் என்பது கதை. ஆனால் 1963-ம் வருஷத்து லண்டனில் போலீஸ் பெட்டியாக மாறியபோது மெஷின் ரிப்பேராகி அப்படியே நின்றுவிட்டது என்பதும் கதை. நிஜம் என்ன தெரியுமா? வாராவாரம் புது வாகனம் செய்யக் காசு கிடையாது!

வேடிக்கையைக் கேளுங்கள். இந்தப் பெட்டியின் உருவத்தை பி.பி.ஸி. தன் டிரேட்மார்க்காகப் பதிய மனுப் போட்டது. லண்டன் போலீஸ், 'ஐயா, பெட்டியே எங்களுடையது' என்று ஆட்சேபித்தது. 2002-ல் தீர்ப்பு வந்தது. பி.பி.ஸி.க்கு ஜெயம். தெருவில் நின்ற போலீஸ் பெட்டியை மக்கள் மறந்துவிட்டார்கள், டி.வி.யில் வந்த ஒட்டுப்பலகைப் பெட்டியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. போலீஸிடமிருந்தே பெட்டியை அடித்துக்கொண்டு போனவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

*

மறுநாள் விடியற்காலையில் காரில் கிளம்பினோம். தென்மேற்கே, டார்செட் கடற்கரைக்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் பிரயாணம். மைத்துனன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வாயைத் திறந்தான். குவாரி வருகிற வரை மூடவில்லை.

அவன் சொன்னதில் சாரத்தை மட்டும் தருகிறேன். முதல் எபிசோட் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை சாயங்காலம். அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டார். ஊரே அந்தத் துக்கத்தில் இருக்க, சில பகுதிகளில் கரண்ட்டும் போய்விட்டது. ஆகவே அடுத்த வாரம் முதல் எபிசோடை மறுபடி போட்டுவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். ராசியில்லாத ஆரம்பம் என்று நம்மூரில் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள்.

தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்மணி. வயசு 27. முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசேன், லக்னோவில் பிறந்தவர். வயசு 24! வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே கோலோச்சிய ஆபீஸில் ஒரு இளம்பெண்ணும் ஒரு இந்தியப் பையனும். இந்த இருவரிடமும் கொடுத்தது லைம் க்ரோவ் என்ற ஓட்டை ஸ்டூடியோவை. அதை அப்புறம் இடித்து வீடு கட்டிவிட்டார்கள். எபிசோடுக்குச் சுமார் 2,300 பவுண்ட் பட்ஜெட். அந்தக் காசில் கற்கால மனிதர்களையும் காட்ட வேண்டும், வேற்றுக் கிரகத்தையும் காட்ட வேண்டும். இன்றைக்கு நம் கல்யாணங்களில் டிரோன் காமிராவுக்கு மட்டும் அதைவிட அதிகம் ஆகும்.

''அந்த டார்டிஸ் பறக்கறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க அத்தான். பிரயன் ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் பண்ணினது. எதை வெச்சுப் பண்ணினார் தெரியுமா?''

''ராக்கெட்டா?''

''அவங்க அம்மா வீட்டு வாசல் சாவி! ஒரு ஓட்டை பியானோவோட கம்பியில சாவியால வரட்டு வரட்டுனு இழுத்து, அதை டேப்பில ஓட்டி...''

டைட்டில் ம்யூஸிக்கும் அப்படித்தான். ரான் கிரெய்னர் ட்யூன் எழுதிக் கொடுத்தார். டெலியா டெர்பிஷயர் என்ற பெண், சின்தஸைஸர் இல்லாத காலத்தில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி, ஒட்டி, ஒட்டி உருவாக்கினார். கிரெய்னருக்கே அது தன் ட்யூன்தானா என்று சந்தேகம். பேரில் பாதி அந்தப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்றாராம். ஆபீஸ் ரூல் இடம் கொடுக்கவில்லை. டெலியா 2001-ல் இறந்துபோனார். தொடரின் டைட்டிலில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013-ல். ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஒட்டுப்போட்டே வண்டியை ஓட்டியிருக்கிறார்கள். டாலெக் என்ற பயங்கர எதிரிகள் முதல் கதையில் படையாக வருவார்கள். உண்மையில் செய்தது 4. மீதி, பின்னால் நிறுத்தி வைத்த அட்டை போட்டோ! அந்த டாலெக்கின் கை என்னவென்றால், கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பர் கப். 1975-ல் ஒரு கதையில் மனிதன் புழுவாக மாற வேண்டும். கண்ணாடிச் சாமான் சுற்றி வருகிற குமிழ் பிளாஸ்டிக் உறைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துச் சுற்றிவிட்டார்கள். குழந்தைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தார்களாம். டாம் பேக்கர் என்ற நாலாவது டாக்டருக்கு ஸ்கார்ஃப் பின்ன ஒரு அம்மாளிடம் நிறைய நூலைக் கொடுத்தார்கள், வேண்டிய கலரை எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் கொடுத்த நூல் பூராவையும் பின்னிவிட்டார். தரையில் புரளும் நீளம். அதையே மாட்டிவிட்டார்கள். அதுதான் இன்றைக்கும் அந்தத் தொடரின் அடையாளம்.

அது என்ன நாலாவது டாக்டர் என்கிறீர்களா? முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். ஆரம்பத்திலேயே 55 வயசு. டயலாக் தடுமாறுவார், ரீடேக்குக்குக் காசில்லை, அப்படியே ஒளிபரப்பாகும். 1966-ல் உடம்புக்கு முடியவில்லை. தொடரை மூட வேண்டியதுதானே? மூடவில்லை. 'இவர் வேற்றுக்கிரக ஆசாமி, உடம்பு தேய்ந்தால் புது உடம்பு வந்துவிடும்' என்று ஒரே போடாகப் போட்டு, பாட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். முதலாளி செத்தாலும் கம்பெனி சாகாது, இதற்குப் பெர்பெச்சுவல் ஸக்ஸெஷன் என்று பெயர் என்று கம்பெனி லா பேப்பருக்கு உருப்போட்டிருக்கிறேன். ஒரு டி.வி. தொடருக்கு அதை அப்ளை பண்ணியவனுக்குக் கோல்டு மெடல் தரலாம்.

1989 வரை 26 சீஸன். கிட்டத்தட்ட 700 எபிசோட். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நடுவில் 1996-ல் ஒரு டெலிஃபிலிம் வந்தது, அதோடு சரி. ஆனால் ரசிகர்கள் நிறுத்தவில்லை. நாவல் எழுதினார்கள், ஒலி நாடகம் போட்டார்கள். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள் வளர்ந்து டி.வி.யில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதில் ஒருவரான ரஸல் டி. டேவிஸ் 2005-ல் தொடரை மறுபடி உயிர்ப்பித்தார். 1974-ல் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் போட்ட 15 வயசுப் பையன் பீட்டர் கபால்டி, 2013-ல் டாக்டராகவே ஆகிவிட்டார். வாசகர் கடிதம் எழுதுகிறவர்கள் மனம் தளர வேண்டாம்! டேவிட் டென்னன்ட் கதை இன்னும் ஜோர். சின்ன வயசில் டாக்டர் ஹூ ரசிகர், வளர்ந்து டாக்டரானார், ஐந்தாவது டாக்டராக நடித்த பீட்டர் டேவிசனின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாரும் டாக்டர், மாப்பிள்ளையும் டாக்டர். நம்மூர் மேட்ரிமோனியல் பத்தியில்தான் இப்படி அமையும்.

சமீபத்தில் 2023-ல் டிஸ்னி கம்பெனியின் பணமும் வந்தது. பிரமாண்டமெல்லாம் காட்டினார்கள். 2025-ல் அந்தக் கூட்டும் முறிந்தது. ''அது பரவால்ல அத்தான்'' என்றான் மைத்துனன் அலட்சியமாக. ''பச்சைப் பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக்தான் பெஸ்ட்.''

*

வொர்த் மேட்ராவர்ஸ் என்ற கிராமம். கல் வீடுகள், வாத்துகள் நீந்தும் சின்னக் குட்டை, ஒரு பழைய சத்திரம். அந்தச் சத்திரத்தில் கவுன்ட்டரே கிடையாது. சுவரில் ஒரு திறப்பு, நம் ரேஷன் கடை மாதிரி. அதன் வழியாகத்தான் பீரும் பேஸ்டியும் வரும். (பேஸ்டி என்பது உருளைக்கிழங்கு கறி வைத்த பெரிய சைஸ் சோமாசி.) பக்கத்து அறையில் கடலோரத்தில் கிடைத்த ஆதிகாலத்து எலும்பு, நத்தை எல்லாம் மியூஸியம் மாதிரி வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு ஒரு மைல் போல நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பச்சைச் சரிவு. எந்தக் காலத்திலோ உழுத படிப்படியான வயல்களின் தழும்பு. ஆடு மேய்கிறது. நடுவில் பாதை இறங்கி, இறங்கி, திடீரென்று கடல்.

அங்கேதான் வின்ஸ்பிட் குவாரி.

வெள்ளையும் சாம்பலுமாகச் சுண்ணாம்புக்கல் சுவர். அதில் சதுரம் சதுரமாக வெட்டின குகைகள். கூரை விழாமலிருக்கக் கல்லையே தூணாக விட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்குக் கம்பி போட்டு அடைப்பு. உள்ளே வௌவால்களுக்கு வாசஸ்தலம். கீழே பாறைத் தட்டில் அலை வந்து அறைகிறது. மரம் இல்லை, மனுஷன் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் பூமி மாதிரி தெரியவில்லை.

டாக்டர் ஹூவில் முக்கால்வாசி கிரகங்கள் இப்படிப்பட்ட குவாரிகள்தான். வாடகை குறைவு, வெடி வைத்தால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வரமாட்டார்கள். 1975-ல் ஸர்ரேயில் ஒரு குவாரி டாலெக்குகளின் சொந்தக் கிரகமாக வேஷம் போட்டது. 1979-ல் அதே கிரகம் இந்த வின்ஸ்பிட்டுக்கு ஜாகை மாறிற்று. டாலெக்குக்கு அடியில் சின்னச் சக்கரம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து காலால் தள்ள வேண்டும். கல்லிலும் மேட்டிலும் என்ன பாடுபட்டிருப்பார்! பிரபஞ்சத்தைப் பிடிக்க வந்தவர்கள் ஒரு கூழாங்கல்லில் மாட்டிக்கொண்டு ஆடுவது ஸ்க்ரீனிலேயே தெரியும் என்கிறான் மைத்துனன், பெருமையோடு. கேலியைத் தாங்களே செய்துகொள்கிற தைரியமும் அவர்களுக்கு இருந்தது. 1976-ல் ஒரு கதை. டார்டிஸ் ஒரு குவாரியில் இறங்கும். ரசிகர்கள், 'சரி, இது எந்தக் கிரகம்?' என்று பார்த்தால், அது இங்கிலாந்தில் ஒரு குவாரி! வெடி வைக்கப்போகிறார்கள், ஓடு என்று சைகை காட்டுவார்கள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன்.

பாறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்துக்குமேல் இருக்கும். நரைத்த தாடி, மழைக்கோட்டு. கழுத்தில், சந்தேகமே இல்லை, அந்த நீள ஸ்கார்ஃப். கையில் ஒரு பழைய ஸ்டில்லின் பிரின்ட். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எதிரே இருந்த பாறையோடு பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாதகம் பார்ப்பது போல.

மைத்துனன் சும்மா இருப்பானா? ஓடினான். இரண்டு நிமிஷத்தில் இருவரும் கல்லூரித் தோழர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நான் பேஸ்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன்.

*

1966 டிசம்பரில் இதே குவாரியில் ஒரு ஷூட்டிங் நடந்திருக்கிறது. 'தி அண்டர்வாட்டர் மெனஸ்' என்ற கதை. நாலு எபிசோட். கடலுக்கடியில் அட்லாண்டிஸ் நகரம், அதில் ஒரு கிறுக்கு விஞ்ஞானி, கடல் நீரை எல்லாம் பூமியின் வயிற்றுக்குள் இறக்கி உலகத்தை வெடிக்க வைக்கத் திட்டம் போடுகிறார். மீன் மனிதர்கள் வேறு வருகிறார்கள். முகத்தில் ஜிகினா ஒட்டி, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு நீந்தச் செய்திருக்கிறார்கள். மகா மோசமான கதை என்று ரசிகர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டு, அதைப் பார்க்கத் தவிக்கிறார்கள். ஏனென்றால் பார்க்க முடியாது. முதல் எபிசோட் இல்லை. டாக்டர் இந்தக் கடற்கரையில் இறங்கி, இந்தப் பாறையில் ஏறுகிற காட்சி அதில்தான். இடம் இருக்கிறது, படம் இல்லை.

''இல்லைன்னா?'' என்றேன்.

''பி.பி.ஸி. அழிச்சுட்டாங்க, அத்தான்.''

வீடியோ டேப் அந்த நாளில் யானை விலை. அழித்துவிட்டு மறுபடி ரெக்கார்ட் பண்ணலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நாடகத்தை நினைத்தபோதெல்லாம் மறுஒளிபரப்புச் செய்ய முடியாது. வெளிநாட்டுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளுக்கும் உரிமை முடிந்துபோயிற்று. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளையை வாங்க ஆளில்லை. அலமாரியில் இடமில்லை. ஆகவே 1967-லிருந்து பத்துப் பதினொரு வருஷம் அழி, எரி, குப்பையில் போடு. அறுபதுகளில் எடுத்த 253 எபிசோடில் நூற்றுக்கும்மேல் காணாமல் போயின. நம் லக்னோக்காரர் பெரும்பகுதி இயக்கிய 'மார்கோ போலோ' ஏழு எபிசோட், ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஹார்ட்னெல் ட்ரௌட்டனாக மாறிய அந்தச் சரித்திரப் பிரசித்தி பெற்ற எபிசோடும் இல்லை. மாறுகிற சில விநாடிகள் மட்டும் இருக்கின்றன. 1973-ல் வேறொரு குழந்தைகள் நிகழ்ச்சியில் துண்டாகக் காட்டியதால் தப்பியது.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். மனசுக்குள் நான் பி.பி.ஸி. பக்கம்தான் இருந்தேன். மறு விற்பனை மதிப்பு பூஜ்யம், கோடவுன் செலவு தொடர்கிறது, கச்சாப் பொருளைத் திரும்ப உபயோகிக்கலாம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால், பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ஆடிட்டரிடம் சபாஷும் வாங்கியிருப்பேன். அழித்தவர்கள் வில்லன்கள் இல்லை. ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்.

1978-ல்தான் நிறுத்தினார்கள். பழம்பிரதி விலைக்குக் கேட்டுப் போன ஒரு ரசிகர், டாலெக்குகளின் முதல் கதையே குப்பைக்குப் போகக் கட்டிவைத்திருப்பதைப் பார்த்துக் குய்யோ முறையோ என்று கத்தியதும் ஒரு காரணம். அப்புறம் வேட்டை ஆரம்பமாயிற்று. தென் லண்டனில் ஒரு சர்ச்சின் நிலவறையில் இரண்டு எபிசோட். ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை, 1992-ல் வீடியோவாக வந்தது. 2013-ல் நைஜீரியாவில் ஜாஸ் என்ற ஊர் டி.வி. நிலையத்து அலமாரியிலிருந்து ஒரேயடியாக 9. அதோடு பாக்கி 97 ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் சென்சார்காரர்கள் பயங்கரம் என்று கத்தரித்துப் போட்ட துண்டுகள் ஃபைலில் பத்திரமாக இருந்தன. முழுப்படம் போய்விட்டது, வெட்டின துண்டு வாழ்கிறது! இந்த அட்லாண்டிஸ் கதையின் இரண்டாம் எபிசோடை, ஓய்வுபெற்ற ஒரு டி.வி. என்ஜினீயர் எண்பதுகளில் ஒரு ஸ்கூல் சந்தையில் பழைய ஃபிலிமோடு வாங்கி வீட்டில் போட்டிருந்தார். அது காணாமல் போன பொருள் என்றே அவருக்குத் தெரியாது. 2011-ல் வெளிவந்தது. முதலும் நாலாவதும் அப்போதும் கிடைக்கவில்லை.

''ஆனா சத்தம் இருக்கு'' என்றார் தாடிக்காரர்.

அழிந்துபோன எல்லா எபிசோடுக்கும், விடாமல், ஒலி இருக்கிறது. பி.பி.ஸி. வைத்திருந்ததல்ல. வீடியோ ரெக்கார்டர் இல்லாத நாளில், இங்கிலாந்தில் அங்கங்கே சில பையன்கள், வீட்டு டேப் ரெக்கார்டரின் மைக்கை டி.வி. ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிப் பதிந்தது. ஒரு சிலர் டி.வி. முதுகைத் திறந்து ஒயர் கொடுத்துச் சுத்தமாகவே பதிந்திருக்கிறார்கள். ஷாக் அடித்திருந்தால் வம்சமே நின்றிருக்கும். அந்த டேப்புகளைச் சுத்தம் செய்து பி.பி.ஸி.யே பிற்பாடு காசெட்டாகவும் ஸி.டி.யாகவும் விற்றது. அந்த ஒலிக்குப் பொம்மைப் படம் வரைந்து, 2016-லிருந்து முழுக் கதைகளாக வெளியிடவும் செய்தார்கள். கடைக்காரன் தூக்கிப் போட்டதை வாடிக்கையாளன் பொறுக்கி வைத்திருந்து திருப்பிக் கொடுக்க, கடைக்காரன் அதை அவனுக்கே மறுபடி விற்றிருக்கிறான். எந்த லெட்ஜரில் இதற்கு என்ட்ரி போடுவது?

''நீங்களும் பதிஞ்சீங்களா?'' என்று கேட்டான் மைத்துனன்.

அவர் தலையாட்டினார். 1967 ஜனவரி. ஒன்பது வயசு. அப்பாவின் டேப் ரெக்கார்டர். டி.வி.க்கு முன்னால் ஸ்டூல் போட்டு, அதில் மைக்கை நிறுத்தி, வீட்டில் யாரும் அரை மணி நேரம் மூச்சுவிடக் கூடாது என்று ஆர்டர். அந்த டேப் இருக்கிறது. மகன் அதை மாற்றிப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

''கேக்கறீங்களா?''

போனைப் பாறையில் வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். எது டேப் இரைச்சல், எது கீழே கடல் என்று பிரிக்க முடியவில்லை. அப்புறம் அந்த டைட்டில் ம்யூஸிக், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. பேச்சுக் குரல்கள். அவர் ஸ்டில்லைத் தூக்கிப் பிடித்து, விரலால் எதிரே காட்டினார். இங்கே நிற்கிறார்கள். இப்போது அங்கே ஏறுகிறார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் அவர் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தேன்.

திடீரென்று, எல்லாக் குரலையும்விடப் பக்கத்தில், பளிச்சென்று ஒரு பெண் குரல். டோஸ்ட் ஆறிப்போகிறது, சாப்பிட்டுவிட்டு அப்புறம் பாரேன் என்கிறது. உடனே ஒரு பையன், ஷ்ஷ்ஷ் என்று சீறுகிறான்.

தாடிக்காரர் சிரித்தார். ''அன்னிக்கு அவங்களோட பெரிய சண்டை. ரெக்கார்டிங்கைக் கெடுத்துட்டீங்கன்னு ரெண்டு நாள் பேசலை.''

கொஞ்சம் இருந்து, ''ஸி.டி. வாங்கினேன். அதில ரொம்பச் சுத்தமா இருக்கு. இந்த இடம் வராது'' என்றார்.

அம்மா எப்போது போனார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மீதி எபிசோட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பேஸ்டியைப் பங்குபோட்டுக்கொண்டோம். காற்று ஏறிவிட்டது, ஸ்கார்ஃபின் ஒரு முனை பறந்துபோய் என் பிளாஸ்க்கில் சுற்றிக்கொண்டது.

*

திரும்பும்போது மைத்துனன் பேசவே இல்லை. நானாக இரண்டு தடவை, அந்த டென்னன்ட் கல்யாணம் என்றெல்லாம் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ம்ஹூம். நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட ஒரு இடத்தில் நிறுத்தினோம். பெட்ரோல் போட்ட பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

''அத்தான்... அழிச்சதைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்குமா?''

''கம்ப்யூட்டர் படிச்சவன் நீ. என்னைக் கேக்கறே?''

''இல்லைன்னு தெரியும். சும்மா கேட்டேன்.''

போனை எடுத்துப் பார்த்தான். அன்றைய மெசேஜ் வந்திருந்தது. இருபத்தேழு விநாடி. வண்டியின் ஸ்பீக்கரில் போட்டான். முதலில் குக்கர் விசில். பிறகு அத்தை, பின்னால் யாரையோ, 'அடுப்பைக் குறைடி' என்று அதட்டிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். கூடவே, 'அத்தானைக் குவாரிக்கெல்லாம் கூட்டிட்டுப் போறியாமே, கல்லு வழுக்கும், பாத்துப் போகச் சொல்லு' என்றார்.

மறுபடி ஒரு தரம் போட்டான். போன் உடனே, இடம் போதவில்லை, எதையாவது அழிக்கவும் என்றது.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் எடுத்த என் போட்டோக்கள் பதினாலையும் அழித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.